மண்ணுக்குள் போன கோளங்கள்

பந்து இரண்டு முறை குதித்தது. மூன்றாவது முறை குதிக்கவில்லை.

உமாதேவி டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கண் முன்னால்தான் மாடக்கண்ணு பந்தை வீசினான். ஐஸ்வர்யா கையை நீட்டினாள், தவறவிட்டாள். பந்து தரையில் பட்டு எழுந்தது, மறுபடி பட்டு எழுந்தது, அப்புறம் இல்லை. அந்த மைதானத்தில் மறைய ஒரு கல் கிடையாது, ஒரு புல் கிடையாது. நின்ற ஒரே வேப்பமரமும் எட்டத்தில் நின்றது. பளீரென்ற செம்மஞ்சள் நிறப் பந்து பங்குனி வெயிலில், பட்டப்பகலில் காணாமல் போய்விட்டது.

"ஏலே மாடக்கண்ணு, டவுசர் பையைக் காட்டு."

"எறிஞ்சவன் நான் டீச்சர். எறிஞ்சது எப்படித் திரும்ப எம் பைக்குள்ள வரும்?"

"ஏட்டி ஐஸ்வர்யா, நீ?"

"எனக்குப் பையே கிடையாது டீச்சர்."

பிள்ளைகள் எல்லோரும் தேடினார்கள். வேப்பமரத்தைச் சுற்றினார்கள். சத்துணவு சமைக்கும் மீனாட்சியம்மாளின் அடுப்படிக்குள் போய், அண்டாவைத் தூக்கிப் பார்த்து, திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் முத்துமணி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கூப்பிட்டான்.

"டீச்சர், இங்கன கெடக்கு."

உமாதேவி சேலையைச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் மண்டி போட்டார். தரையில் ஒரு வெடிப்பு. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார். கீழே, கை எட்டாத ஆழத்தில், செம்மஞ்சளாக ஏதோ மின்னியது.

கரிசல் மண்ணைப் பழகாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அந்த மண் தண்ணீர் குடித்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி மழையில் புளித்த மாவு போலப் பொங்கி நிற்கும். காலை வைத்தால் கால் வரும், செருப்பு வராது. பங்குனியில் குடித்ததையெல்லாம் வெயிலுக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கும். ஒரு ஊர் நிலம் முழுக்க ஒரே தட்டாகச் சுருங்க முடியாது. ஆகவே பாளம் பாளமாகப் பிரியும். பாளத்துக்கும் பாளத்துக்கும் நடுவில் விழுவதுதான் வெடிப்பு. அது மேலே அகலமாகவும், கீழே போகப் போகக் குறுகலாகவும் இருக்கும். உள்ளே விழுந்த பந்து, தன் பருமன் எந்த இடத்தில் பொருந்துகிறதோ அதுவரை இறங்கி, அங்கே கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

எடுப்பது எப்படி? அதுதான் விளங்கவில்லை. குச்சியை விட்டார்கள், ரப்பர் பந்து அமுங்கிக்கொடுத்து இன்னும் ஒரு விரற்கடை கீழே போனது. குடைக் கம்பியை வளைத்து விட்டார்கள். இன்னும் கொஞ்சம் போனது. குச்சியின் நுனியில் கோந்தைத் தடவி விட்டார்கள். கோந்து மண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தது. எடுக்கப் போன ஒவ்வொருவரும் தள்ளிவிட்டுத்தான் வந்தார்கள்.

போனால் போகிறது என்று விட்டுவிடலாமே என்று தோன்றும். விட முடியாது. ஏனென்றால் அது பந்து அல்ல. கோளம்.

போன மாதம் கோவில்பட்டியில், குளிரூட்டிய கல்யாண மண்டபம் ஒன்றில், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கெல்லாம் பயிற்சி நடந்தது. திட்டத்தின் பெயர் 'குதூகலக் கோளம்'. அதன் முதன்மைக் கருத்தாளர் நவநீதகிருஷ்ணன் விளையாட்டு உடையில் வந்து, நாற்காலியில் அமர்ந்து பேசினார்.

"இதுவரை நம் குழந்தைகள் விளையாடினார்கள். பிரச்சினையே அதுதான். விளையாட்டு தானாக நடப்பது; அதை யாரும் மதிப்பீடு செய்ய முடியாது. இனி அவர்கள் படைப்பூக்கத்தோடு இயங்குவார்கள். எப்போது படைப்பூக்கம் வர வேண்டும் என்பதைக் கால அட்டவணையில் கொடுத்திருக்கிறோம். தயவுசெய்து யாரும் பந்து என்று சொல்ல வேண்டாம். பந்து போட்டியைத் தூண்டும். கோளம் சிந்தனையைத் தூண்டும். கோளத்தின் அளவைத் தீர்மானிக்கவே ஒரு குழு ஓராண்டுக்கு மேல் உழைத்தது. குழந்தையின் உள்ளங்கையை அளந்தோம்."

"எந்தக் குழந்தை சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு ஆசிரியர் கேட்டார்.

"மாதிரிக் குழந்தை. குழுத் தலைவரின் பேரன்."

உள்ளங்கையை அளந்தவர்கள் தரையை அளக்கவில்லை. எல்லா ஊரிலும் தரை இருக்கும் என்று குழுவுக்குத் தெரிந்திருந்தது. அது போதும் என்று இருந்துவிட்டார்கள். சோதனை ஓட்டம் அந்த மாதிரியான ஒரு மண்டபத்தில், வழவழப்பான ஓடு பதித்த தளத்தில் நடந்து வெற்றி பெற்றிருந்தது.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு டஜன் கோளங்கள் கொடுத்தார்கள். கோளக் கணக்கைப் பதியக் கைபேசிச் செயலியும், விதிகளும் கொடுத்தார்கள். கோளத்துக்குப் பதில் வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. கோளத்தின் உருவில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. கோளங்களோடு தினமும் இயக்க நேரம் நடக்காத பள்ளி 'இயக்கக் களம் இல்லாத பள்ளி' ஆகும். அப்படிப்பட்ட பள்ளியின் பிள்ளைகள், அவர்களுடைய நலன் கருதி, பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்படுவார்கள்.

அந்தக் கடைசி விதியை உமாதேவி மூன்று தடவை படித்தார். அவருடைய பள்ளி கல்லுக்கண்மாய்பட்டியில் இருந்தது. அவர் ஒருவர்தான் தலைமையாசிரியர், அவர் ஒருவர்தான் ஆசிரியர். பக்கத்துப் பள்ளி தூரமில்லை, கூப்பிட்டால் கேட்கும். ஆனால் நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்த இடத்தில் பாலமும் கிடையாது, சிக்னலும் கிடையாது. மதுரையிலிருந்து திருநெல்வேலி போகிற வண்டி எதுவும் கல்லுக்கண்மாய்பட்டி என்று ஒரு ஊர் இருப்பதை அறியாது.

ஐஸ்வர்யாவின் அப்பா சுடலைமாடன் ஆடு மேய்ப்பவர். முதல் பந்து தொலைந்த சேதி கேட்டு, அன்று சாயங்காலமே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், அந்த ரோட்டுல போன வருசம் எனக்கு ரெண்டு ஆடு போச்சு. நான் கூடவே நின்னு, கம்பை நீட்டி மறிச்சு ஓட்டும்போதே போச்சு. பிள்ளைகளை யாரு மறிச்சு ஓட்டுவா?"

"இணைக்க மாட்டாங்க அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் உமாதேவி. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கே தெரியவில்லை.

முதல் கோளம் போன அன்றே வட்டாரக் கல்வி அலுவலர் மந்திரமூர்த்திக்குப் போன் செய்தார். மந்திரமூர்த்தி கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

"காணோம்னு சொல்லாதீங்க டீச்சர். மேல கேள்வி வரும். செயலியில என்னென்ன காரணம் குடுத்திருக்காங்க?"

"காத்து இறங்கிட்டு, கிழிஞ்சிட்டு, நாய் கவ்விட்டு. மூணுதான் சார் இருக்கு. மண்ணுக்குள்ள போயிட்டுன்னு இல்ல."

"நாயைப் போடுங்க."

"நாய் கவ்வலையே சார்."

"ஊர்ல நாய் இருக்குல்லா?"

"இருக்கு."

"பெறகு என்ன."

உமாதேவி நாயைப் போட்டார். மறுநாள் காலையில் பதில் வந்தது: நாயின் தடுப்பூசி விவரம், நாயின் உரிமையாளர் யார், கோளத்தை மீட்க நாயிடம் எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன. உமாதேவி மறுபடி போன் செய்தார். மந்திரமூர்த்தி, "நேர்ல வாரேன்" என்றார்.

அதற்குள் இன்னும் மூன்று கோளங்கள் மண்ணுக்குள் போயிருந்தன. இயக்க நேரம் நடத்தினால் கோளம் போகிறது; நடத்தாவிட்டால் பள்ளி போகிறது. பிள்ளைகள் பந்தைப் பார்த்து ஓடுவதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்து ஓடப் பழகியிருந்தார்கள். இரண்டு பேர் மோதி நெற்றி வீங்கிப் போனது.

மந்திரமூர்த்தி ஜீப்பிலிருந்து இறங்கி மைதானத்தைப் பார்த்தார். "இதுவா வெடிப்பு? இதுல எப்படி டீச்சர் விழும்? குடுங்க இங்கன" என்று ஒரு கோளத்தை வாங்கினார். மெதுவாக, ஒரு முட்டையை உருட்டுவதுபோல உருட்டினார். அது உருண்டது, ஒரு விளிம்பில் யோசித்து நின்றது, உள்ளே போனது. அவர் இன்னொன்றை வாங்கி எதிர்ப்பக்கமாக உருட்டினார். அதுவும் போனது. மூன்றாவதற்கு அவர் கையை நீட்டியபோது உமாதேவி பெட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வட்டார அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. மீதமுள்ள கோளங்களைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். இயக்க நேரம் தடைபடவும் கூடாது. எனவே மாணவர்கள் கோளம் இருப்பதாக மனத்தில் கொண்டு இயங்க வேண்டும். இதற்கு 'அகக்கோளப் பயிற்சி' என்று பெயரும் சூட்டியிருந்தார்கள்.

உமாதேவி பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"பந்து கிடையாது. ஆனா இருக்கு. எறியுங்க."

பெரியவர்களுக்குத்தான் இது கஷ்டம். பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்கள். மாடக்கண்ணு கையை ஓங்கி வீசினான். ஐஸ்வர்யா தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "டீச்சர், ஓங்கி எறியுதான். வலிக்குது."

"ஏலே, மெல்ல எறி" என்றார் உமாதேவி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் முத்துமணியைக் காணவில்லை. தள்ளிப்போய் ஒரு வெடிப்பின் மேல் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டிருந்தான்.

"எந்திரில. இல்லாத பந்துதான?"

"இல்லாத பந்துன்னாலும் என் பந்துல்லா டீச்சர்" என்றான். கையை வெளியே எடுக்கவில்லை.

அகக்கோளப் பயிற்சியின் புகழ் மேலே பரவி, நவநீதகிருஷ்ணனே நேரில் வந்தார். அதே விளையாட்டு உடை. மந்திரமூர்த்தி கூடவே, அரை அடி பின்னால் நின்றார். நவநீதகிருஷ்ணன் பிள்ளைகள் வெறுங்கையை வீசுவதைப் பார்த்து நெகிழ்ந்தார்.

"இதுதான் திட்டத்தின் உச்சம். சாதனங்கள் தேய்வதில்லை. தொலைவதில்லை. வாங்கவே வேண்டியதில்லை. குழந்தையும்கூட இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று அடுத்த கட்டத்தில் ஆராயலாம்." பிறகு குரலை மாற்றினார். "இருக்கட்டும். கொடுத்த கோளங்களைக் காட்டுங்கள்."

உமாதேவி பீரோவைத் திறந்து இருந்தவற்றைக் காட்டினார். மற்றவை எங்கே என்று கேட்டபோது தரையைக் காட்டினார்.

நவநீதகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "ரப்பர் மிதக்கும். தண்ணீரை ஊற்றுங்கள், மேலே வந்துவிடும். இதற்கா இத்தனை கடிதம்?"

"சார், இது கரிசல். தண்ணி பட்டா…"

"மிதப்பு விதி எல்லா மாவட்டத்துக்கும் பொதுவானது, டீச்சர்."

ஊருக்குக் குடிதண்ணீர் லாரி வாரம் ஒரு தடவைதான் வரும். அன்று வருகிற நாள். தெருமுனையில் குடங்கள் வரிசையில் நின்றன. மந்திரமூர்த்தி ஓடிப்போய் லாரியை மறித்துப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பினார். குடங்களுக்குச் சொந்தக்காரிகள் லாரிக்குப் பின்னாலேயே வந்தார்கள். மீனாட்சியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"சார்வாள், நாளைக்கு உலை வைக்கத் தண்ணி அதுதான்."

"ஒரு மணி நேரத்தில் தேசிய அளவிலான ஒரு முன்மாதிரியைப் பார்க்கப் போகிறீர்கள் அம்மா" என்றார் நவநீதகிருஷ்ணன்.

குழாயை வெடிப்பில் செருகித் திறந்தார்கள். தண்ணீர் கடகடவென்று உள்ளே இறங்கியது. எல்லோரும் குனிந்து நின்றார்கள். நிறையவில்லை. நிறையாது. வெடிப்பு ஒரு குழி அல்ல. ஒரு வெடிப்பு இன்னொன்றோடும், அது வேறொன்றோடும் தரைக்கடியில் கை கோத்திருக்கும். ஓரிடத்தில் ஊற்றினால் ஊரெல்லாம் ஓடும். பாதி லாரி காலியானபோது சுடலைமாடனின் ஆட்டுக்கிடைப் பக்கம், ஓடைக் கரையில் தண்ணீர் கசிவதாக யாரோ வந்து சொன்னார்கள்.

அப்போது ஐஸ்வர்யா கத்தினாள். "வருது டீச்சர், வருது."

வந்ததுதான். கலங்கிய தண்ணீரில் ஒரு செம்மஞ்சள் முதுகு சுழன்றுகொண்டே மேலேறியது. இரண்டு சாண், ஒன்றரைச் சாண். மாடக்கண்ணு படுத்துக் கையை விட்டான். அவன் விரல் நுனி அதைத் தொட்டது. தொட்டதை உமாதேவி பார்த்தார். அந்த நேரத்தில் லாரியில் தண்ணீர் தீர்ந்தது. குழாய் ஒரு முறை இருமி நின்றது. வெடிப்புக்குள் இருந்த தண்ணீர் பக்கவாட்டில் வடிந்தது. கோளம் அதோடு மெதுவாக இறங்கிப்போனது. விளிம்பு மண் ஊறி, சரிந்து, அதன் மேலேயே விழுந்தது.

பெண்கள் ஒன்றும் சொல்லாமல் வெறுங்குடங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திட்டியிருந்தால் உமாதேவிக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

மறுநாள் காலை நவநீதகிருஷ்ணன் மறுபடி வந்தபோது, நீர் குடித்த இடமெல்லாம் மண் பருத்து வாய் மூடியிருந்தது. மைதானத்தின் நடுப்பகுதி கையால் தடவிவிட்டதுபோல் கிடந்தது. அவர் அதன் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார்.

"வெடிப்பு எங்கே?"

"மூடிட்டு சார். நேத்து ஊத்துன தண்ணியில."

"நான் பார்ப்பது சமதளமான மைதானம். வெடிப்பே இல்லாத மைதானத்தில் கோளங்கள் வெடிப்பில் விழுந்ததாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் கவனக்குறைவு. கவனக்குறைவான பள்ளியில் இயக்க நேரம் நடத்த முடியாது. இணைக்க வேண்டியதுதான்."

"காய்ஞ்சா திரும்ப வெடிக்கும் சார். வந்து பாருங்க."

"திரும்ப வெடித்தால் அது தகுதியில்லாத மைதானம். அப்போதும் இணைக்க வேண்டியதுதான்." அவர் கனிவாகச் சிரித்தார். "நாங்கள் எந்த முடிவையும் முன்கூட்டியே எடுப்பதில்லை, டீச்சர். இரண்டு வழியையும் திறந்தே வைத்திருக்கிறோம். சித்திரை இரண்டாவது வெள்ளிக்கிழமை மறுஆய்வு. கோளம் கையில் இருக்க வேண்டும், பிள்ளைகள் இயங்க வேண்டும், ஒரு கோளமும் தொலையக் கூடாது."

நவநீதகிருஷ்ணனை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகு, கூட வந்திருந்த மந்திரமூர்த்தி மட்டும் கொஞ்சம் பின்தங்கி நின்றார். "நான் என்ன டீச்சர் செய்ய முடியும்? அவிய சொன்னா சொன்னதுதான்" என்றார். தன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்ப அவருக்கு நாலு தடவை ஆனது.

உமாதேவி தினமும் காலையில் மைதானத்தைப் பார்த்தார். முதலில் மயிரிழைபோல ஒரு கோடு. பிறகு கோட்டோடு கோடு சேர்ந்தது. மயிரிழை பென்சில் பருமனாகி, பென்சில் விரலானது. வெடிக்க வேண்டும் என்று வேண்டுவதா, வெடிக்கக் கூடாது என்று வேண்டுவதா என்று தெரியவில்லை. ஒருநாள் சாயங்காலம் எட்டயபுரம் பக்கம் மேகம் கருத்தது. பிள்ளைகள் ஆடினார்கள், அவர் மட்டும் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். மழை வராமல் போனது. வந்திருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். வெடிப்பு இருந்தாலும் ரோடு, இல்லாவிட்டாலும் ரோடு.

சுடலைமாடன் ஐஸ்வர்யாவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் நாலுவழிச் சாலை வரைக்கும் போய்வந்தார். பழக்கிப் பார்க்கலாம் என்றுதான் போனாராம். "கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னோம் டீச்சர். நின்னுக்கிட்டே இருந்தோம். பெறகு திரும்பி வந்துட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

லாரித் தண்ணீர் வீணாய்ப் போனதிலிருந்து, அடுத்தடுத்து வந்த தண்ணீர் ஊர்க் குடங்களுக்கே போதாததால், மீனாட்சியம்மாள் பள்ளிக்குப் பின்னால் இருந்த பழைய கிணற்றில் இறைத்துத்தான் சமைத்துக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீர். பருப்பு வேக மறுத்தது. தினமும் இறைத்துக்கொண்டே முனகினாள். மறுஆய்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, உமாதேவி அந்த முனகலுக்குப் பதில் சொல்வதற்காகக் கிணற்றடிக்குப் போனார்.

மீனாட்சியம்மாள் வாளியைக் கிணற்றுக்குள் போட்டாள். பார்க்கக்கூட இல்லை. வாளி கிடுகிடுவென்று போனது. அவள் உமாதேவியின் பக்கம் திரும்பிக்கொண்டு தன் குறையைச் சொன்னாள். கயிற்றின் இந்த முனை கிணற்றுத் தூணில் கட்டியிருந்தது.

"அக்கா, வாளி உள்ள விழுந்துட்டா?"

"விழத்தான டீச்சர் போட்டேன்."

"எடுக்க முடியாம போயிட்டா?"

மீனாட்சியம்மாள் டீச்சரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "கயிறு வெளிய இருக்குல்லா. வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க."

உமாதேவி உள்ளே போகவில்லை. அங்கேயே நின்றார். இவ்வளவு நாளும் அவர் கேட்ட கேள்வி, உள்ளே போனதை எப்படி வெளியே எடுப்பது என்பது. குச்சி, கம்பி, கோந்து, லாரி, எல்லாமே அந்தக் கேள்விக்கான பதில்கள்தான். உள்ளே போகும்போதே வெளியே எதை விட்டுவிட்டுப் போவது என்று யாரும் கேட்கவில்லை.

மறுஆய்வு நாள் வந்தது. நவநீதகிருஷ்ணனுக்காக வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தது. வேலிக்கு வெளியே ஊர் நின்றது; சுடலைமாடன் ஆடுகளோடு நின்றார். மைதானம் மறுபடி வெடித்திருந்தது. நவநீதகிருஷ்ணன் அதைப் பார்த்ததும் மந்திரமூர்த்தியிடம், "தகுதியில்லாத மைதானம், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

"பிள்ளைகள் இயங்குறதைப் பாத்துட்டு எழுதச் சொல்லுங்க சார்" என்றார் உமாதேவி. 

பிள்ளைகள் வந்தார்கள். ஆறு பேர் கையில் ஆளுக்கொரு நீளமான வெங்காய வலை தொங்கியது. வலையின் ஒரு நுனியில் கோளம், வாலாகத் தொங்கிய மறு நுனியில் துணி முடிச்சு. மாடக்கண்ணு வாலைப் பிடித்துச் சுழற்றி விட்டான். அது வெறும் கையால் எறிவதைவிட இரண்டு பங்கு தூரம் போனது. ஐஸ்வர்யா பந்தைத் தவறவிட்டாள். ஆனால் பின்னால் பறந்து வந்த வாலைப் பிடித்துவிட்டாள். இவ்வளவு நாளும் ஒன்றையும் பிடிக்காதவள். சிரித்துக்கொண்டே திருப்பி வீசினாள்.

அது முத்துமணியைத் தாண்டிப்போய்த் தரையில் குதித்தது. மறுபடி குதித்தது. அப்புறம் குதிக்கவில்லை.

 நவநீதகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். உமாதேவி கையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டார். நேற்று பத்துத் தடவை செய்து பார்த்ததுதான், ஆனாலும் பதினோராவது தடவை என்று ஒன்று இருக்கிறது.

முத்துமணி இந்தத் தடவை படுக்கவில்லை. நடந்து போனான். வெடிப்பின் மேலே குறுக்காகக் கிடந்த துணி முடிச்சை எடுத்தான். இழுத்தான். வலை கொஞ்சம் விறைத்தது, நின்றது. அவன் இன்னும் கொஞ்சம் இழுத்தான். ரப்பர் அமுங்கிக்கொடுத்தது. கோளம் மண்ணை உதறிக்கொண்டு வெளியே வந்தது.

வேலிக்கு வெளியே யாரோ விசில் அடித்தார்கள். ஆடுகள் மிரண்டன.

நவநீதகிருஷ்ணன் கோளத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கோளத்தின் உருவில் மாற்றம் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறதே."

உமாதேவி கோளத்தைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்து வலையை உருவினார். உள்ளே கோளம் கொடுத்தபடியே இருந்தது.

"சட்டை போட்டா ஆளு மாறிருமா சார்?" என்று ஐஸ்வர்யா கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

 நவநீதகிருஷ்ணன் வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு ஒளி வந்தது. தன் கோப்பில் இன்னும் எழுதப்படாத ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்ட ஒளி. மந்திரமூர்த்தியைக் கூப்பிட்டு, கைபேசியில் படம் பிடிக்கச் சொன்னார்.

"போன முறை நான் வந்தபோது இந்தப் பள்ளியில் ஒரு சவாலை விதைத்துவிட்டுப் போனேன்" என்று கைபேசியைப் பார்த்துப் பேசினார். "தண்ணீர் ஊற்றியது அதற்காகத்தான். கிராமத்து ஆசிரியர்களுக்கு நேரடியாக விடை சொன்னால் படைப்பூக்கம் வளராது. இன்று அது வால் கோளமாக முளைத்திருக்கிறது. இந்த வெடிப்புகள் குறை அல்ல. இயற்கையே அமைத்துக் கொடுத்த இயக்கச் சாதனங்கள். இது இனி வால் கோள முன்மாதிரி மையம். முன்மாதிரி மையத்தை எதனோடும் இணைக்க முடியாது. மற்றவைதான் இதைப் பார்த்துக் கற்க வேண்டும்."

உமாதேவி வாயைத் திறந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சுடலைமாடன் கையைக் கூப்பி, பேசாதீர்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார். உமாதேவி வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் ஆணை போனது. கோளங்களுக்கு வால் கட்டாயம். செம்மண்ணிலும் மணலிலும் சிமெண்டுத் தளத்திலும் இருந்த பள்ளிகள், தங்களிடம் வெடிப்பு இல்லை என்று பணிவோடு தெரிவித்தன. வெடிப்பு இல்லாததற்கு விளக்கம் கேட்டுப் பதில் போயிருப்பதாக மந்திரமூர்த்தி சொன்னார். கல்லுக்கண்மாய்பட்டிப் பிள்ளைகள் கல்லுக்கண்மாய்பட்டியிலேயே படிக்கிறார்கள். முதலில் விழுந்த கோளங்கள் இன்னும் கீழேதான் இருக்கின்றன.

கரிசல் தரையில் சின்னப் பந்து தொலையாமலிருக்கச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெங்காயம் வருகிற வலைப்பையை நீளவாக்கில் வெட்டி, பந்தை அதன் ஒரு முனையில் வைத்து நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். மிச்ச வலையை வாலாக விட வேண்டும். வாலின் நீளம், பந்து வெடிப்பில் எவ்வளவு ஆழம் போய் நிற்குமோ அதைவிட ஒரு முழம் கூட இருக்க வேண்டும். வாலின் மறுமுனையில் வெடிப்பின் அகலத்தைவிடப் பெரிதாக ஒரு துணி முடிச்சுப் போட வேண்டும். பந்து உள்ளே போகும், முடிச்சு மேலே நிற்கும். முடிச்சைப் பிடித்து நேராக, மெதுவாக இழுத்தால் பந்து வந்துவிடும்.